வளைவரை நாலாம் அத்தியாயத்தில்

சமன்பாட்டை எழுது, வரைந்து பார், வட்டமோ பரவளையமோ கிடைக்கும். பள்ளியில் இதைப் படித்துவிட்டு, "இயற்கணித வடிவியல் என்றால் இவ்வளவுதானே" என்று முனைவர் பட்டத்துக்குப் பெயர் கொடுத்து மாட்டிக்கொண்டவர்களின் பரம்பரை பெரியது.

1920களில் இந்த ராஜ்ஜியத்துக்குத் தலைநகரம் ரோம். காஸ்டெல்நுவோவோ, என்ரிக்கஸ், செவேரி என்று மூன்று மகாராஜாக்கள். கண்ணை மூடினால் போதும், மேற்பரப்புகள் தரிசனம் தரும். நிரூபணமா? அதெல்லாம் தரிசனம் கிடைக்காத பாவிகளுக்கு! செவேரி முன்வைத்த ஓர் ஊகம், அவர் இறந்து 21 ஆண்டு கழித்து, 1982இல்தான் தவறென்று தெரிந்தது. அதுவரை யாரும் அவர் தூக்கத்தைக் கெடுக்கவில்லை.

இந்த அரசவையில் படித்துத் தேறிய மாணவர் ஆஸ்கர் சரிஸ்கி. அமெரிக்கா போன பிறகு, ஆசான்களின் பெருமையெல்லாம் திரட்டி மேற்பரப்புகள் பற்றி ஒரு புத்தகம் எழுத உட்கார்ந்தார். 1935இல் புத்தகம் வந்தது, பக்தி போனது. ஒவ்வொரு நிரூபணத்தையும் தட்டிப் பார்த்தால் உள்ளே பொள்ளல். மனிதர் அசரவில்லை. பேராசிரியரான பிறகும் நவீன இயற்கணிதத்தை அரிச்சுவடியிலிருந்து படித்து, அடித்தளத்தை மாற்ற இறங்கினார்.

அதே வேலைக்கு இன்னொரு பக்கம் ஆந்த்ரே வெய்ல். ராணுவப் பணிக்குப் போகாததால் 1940இல் ரூவான் நகரச் சிறையில் தள்ளப்பட்டவர். அங்கே கணக்கு பிரமாதமாக ஓடியது. மனைவிக்கு எழுதிய கடிதத்தில் சிறைவாசத்தையே சிலாகிக்கும் அளவுக்கு ஓடியது. அங்கே கண்டதை முறையாக நிரூபிக்க அஸ்திவாரம் வேண்டுமே! 1946இல் தனிப் புத்தகமே போட்டார். மாணவனுக்கு இப்போது படிக்க வேண்டிய அஸ்திவாரங்கள் இரண்டு.

அப்புறம் வந்தார் அலெக்சாந்தர் குரோதெண்டிக். இவரிடம் தோசை கேட்டால், நெல் விதைக்க முதலில் கிணறு வெட்டுவார். ஸ்கீம் என்ற ஒன்றை வைத்து, வடிவியலையும் எண்கணிதத்தையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவது திட்டம். சக கணிதர் தியூதொன்னே எழுத்துக்குத் துணை நிற்க, 13 அத்தியாயம் கொண்ட நூல் என்று அறிவித்து 1960இல் வெளியீடு தொடங்கியது. 1967 வரை வந்தது 4 அத்தியாயம், அதுவே ஏறத்தாழ 1,800 பக்கம். உதாரணங்களில் அவருக்கு அக்கறை குறைவு. ஒருமுறை, பகா எண் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டதற்கு 57 என்றாராம். மூன்றால் வகுபடும் எண். அவருக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை.

இந்தப் புயல் பாரிஸில் கிளம்பிய வேளையில் அங்கே இருந்தவர்கள், சென்னை லயோலாவில் படித்த சி. எஸ். சேஷாத்ரியும் எம். எஸ். நரசிம்மனும். ஐந்தாம் அத்தியாயத்துக்குக் காத்திருக்காமல் பம்பாய் திரும்பி, 1965இல் தங்கள் பெயரிலேயே ஒரு தேற்றத்தை நிறுவிவிட்டார்கள். சமர்த்துப் பிள்ளைகள்.

1970இல், தான் பணியாற்றிய ஆய்வு நிறுவனத்துக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் பணம் வருகிறது என்று தெரிந்து குரோதெண்டிக் வெளியேறினார். மீதி 9 அத்தியாயங்களும் அவரோடு போயின. வெய்ல் முன்வைத்திருந்த ஊகங்களில் கடைசியானதைக் குரோதெண்டிக்கின் சீடர் தெலின் நிரூபித்தார். ஆனால் குரு போட்ட பாதையில் போகவில்லை. குருவுக்கு அதில் வருத்தம் தீரவே இல்லை.

மாணவர்களைக் காப்பாற்ற 1977இல் ராபின் ஹார்ட்ஷோர்ன் ஒரே புத்தகமாகச் சுருக்கித் தந்தார். சுருங்கியது எப்படி? பாதி விஷயத்தைப் பயிற்சிக் கணக்குகளுக்குள் தள்ளிவிட்டார், 400க்கு மேல் கணக்குகள். இரண்டாம் அத்தியாயம் ஸ்கீம், மூன்றாவது கோஹோமாலஜி. வளைவரைக்கு ஆசைப்பட்டு வந்தவருக்கு, அந்தப் பெயரில் ஓர் அத்தியாயம் நான்காவதாகத்தான், ஏறத்தாழ 300 பக்கம் தாண்டிக் கிடைக்கும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது இந்தத் துறையில் ஆராய்ச்சி மாணவராக இருந்தால், தயவுசெய்து "எப்போதப்பா முடிப்பாய்?" என்று கேட்காதீர்கள். எந்த அத்தியாயம் என்று மட்டும் கேளுங்கள். இரண்டு என்று பதில் வந்தால், ஒரு காபி வைத்துவிட்டு ஓசைப்படாமல் நகர்ந்துவிடுங்கள்.