பேர் சொல்லிக் கூப்பிட வேண்டிய மீட்டர்

"தம்பி, கேஸ் களவு போகுது" என்று போன் வந்தது. அரூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலை முதலாளி. நான் மீட்டர் பார்க்கிறவன், போலீஸ் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

ஜவ்வரிசிக்காகக் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) அரைத்த கழிவுநீரை மூடிய தொட்டியில் விட்டால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று பயோகேஸ் விடும். சேலம், தர்மபுரி வட்டாரத்து ஆலைகள் பலவற்றில் இந்த வித்தை உண்டு. நாற்றத்தைக் காசாக்கும் தொழில் என்பதால், ஒரு லிட்டர் குறைந்தாலும் முதலாளிக்குத் தூக்கம் வராது.

நான் போனபோது இரண்டு பேர் குழாய்க்குச் சோப்பு நீர் தடவிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாளாகக் குளிப்பாட்டியும் ஒரு குமிழி வரவில்லை. மீட்டர் நிமிடத்துக்கு 210 லிட்டர் காட்டியது. "முந்நூறு வரணும்" என்றார் முதலாளி. திரையின் மூலையைப் பார்த்தேன். 'காற்று' என்றிருந்தது. வாங்கிய நாளிலிருந்து அதனிடம் உண்மையை யாரும் சொல்லவில்லை.

இந்த வகை மீட்டர் வாயுவை நுண்ணிய இடுக்குகளில் நுழைத்து, இரு முனைக்கும் இடையில் அழுத்தம் எவ்வளவு இறங்கியது என்று பார்க்கும். உள்ளே போவது கூழா, மோரா என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். காற்று கூழ் என்றால் பயோகேஸ் மோர். மோர் சுலபமாக வழிந்து போனதை, கூழ்தான் கொஞ்சமாகப் போகிறது என்று மீட்டர் நினைத்துவிட்டது.

வாயுவின் பெயரை மாற்றலாம் என்றால், மீட்டரின் பொத்தான்கள் ஆலை ஈரத்தில் எப்போதோ செத்துவிட்டன. "சீரியல்ல கமாண்டு குடுத்துப் பாக்குறேன்" என்றேன். முதலாளியின் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நான் சொன்ன சீரியல், கணினியையும் மீட்டரையும் பேச வைக்கும் ஆர்எஸ்-232 என்ற இணைப்பு முறை. அது 1960-இல் வந்தது. முதலாளியைவிட ஓரிரு வயதுதான் இளையது, பிடிவாதமும் அவரளவு. தட்டினேன், பதில் இல்லை. நான் 9600 வேகத்தில் பேச, அது 19200-க்குக் காது வைத்திருந்தது. சரிசெய்தேன். அப்போதும் மௌனம். "ஒண்ணும் ஓடலையே" என்று அம்மா எழுந்து போனார்.

பிறகுதான் உறைத்தது: கட்டளைக்கு முன்னால் அதன் பெயரைப் போடவில்லை. பெயர், 'ஏ' என்ற ஓரெழுத்து. எங்கள் பக்கம் வீட்டுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும். இதைப் பேர் சொல்லாவிட்டால் இதுவே திரும்பிப் பார்க்காது. 'ஏ' சேர்த்து, மீத்தேனுக்கான எண் 2-ஐக் கொடுத்து என்டர் தட்டினேன். அளவு 348-க்குத் தாவியது.

முதலாளி முகத்தில் தீபாவளி. "இதையே வச்சுக்கலாம் தம்பி!"

அவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டு விளக்கினேன். பயோகேஸ் முழுக்க மீத்தேன் இல்லை. இந்த ஆலையில் அறுபது பங்கு மீத்தேன், நாற்பது பங்கு கரியமில வாயு. அந்தக் கலவையைப் பதிந்து, அதற்கொரு எண் கொடுத்து, அந்த எண்ணை மீட்டருக்குச் சொன்னேன். அளவு 300-இல் வந்து நின்றது.

களவும் இல்லை, கசிவும் இல்லை. ஆனால் 348-ஐக் கண்ணால் பார்த்துவிட்ட மனிதருக்கு 300 நஷ்டமாகத்தான் தெரிந்தது. "48 லிட்டர் எங்க போச்சு?" என்று இப்போதும் போன் செய்கிறார்.

உங்கள் மீட்டர் குறைத்துக் காட்டினால், ஆளைச் சந்தேகப்படுவதற்கு முன் அதில் எந்த வாயுவின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சோப்பாவது மிஞ்சும்.