ஜலத்தில் பிராணாயாமம்

லிட்டில் இந்தியாவுக்கு அருகே எமிலி குன்றின் மேல், பழைய நீர்த்தேக்கமே சிங்கப்பூரின் முதல் பொது நீச்சல் குளமாகி 1931-இலேயே திறக்கப்பட்டிருந்தும், 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஜோசப் ஸ்கூலிங் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை 50.39 விநாடியில் முடித்து மைக்கேல் பெல்ப்ஸையே பின்தள்ளித் தங்கம் வாங்கிய பிறகும், தேக்கா சந்தையில் மீன் வாங்குவதோடு நீர்வாழ்வனவின் சகவாசத்தை நிறுத்திக்கொண்டிருந்த அடியேன், ஐம்பதாவது பிராயத்தில் நீந்தக் கற்கப் புறப்பட்டேன்.

நான் கற்கப்போன நீச்சலுக்கு எதேச்சைப் பாணி என்று பெயர். எதேச்சையாக மூச்சுவிட மட்டும் அதில் அனுமதியில்லை. ஜனனம் முதல் யாரும் குறைசொல்லாதபடி நான் செய்துவந்த அந்த ஒரே காரியத்தையும் தப்பாகச் செய்வதாகப் பயிற்சியாளப் பெண் கண்டுபிடித்தாள்.

"அங்கிள், தலையத் தூக்காதீங்க, உடம்போட சேத்துத் திருப்புங்க. மூச்சத் தண்ணிக்குள்ளயே விட்டுடுங்க."

தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் தாழும் என்பதும், அடக்கிய காற்றை நீருக்குள்ளேயே குமிழிகளாக விட்டுவிடாதவனுக்குப் புதுக் காற்றை இழுக்க அவகாசமிராது என்பதும், மூச்சு முட்டுவது பெரும்பாலும் தேங்கிய கரியமிலவாயுவால்தான் என்பதும் புத்திக்கு ஒரு க்ஷணத்தில் விளங்கின. மூக்குக்கு விளங்க மூன்று மாதங்களாயின. ஒரு கண் நீரிலும் ஒரு கண் வெளியிலும் இருக்கவேண்டுமாம். எனக்கு இரண்டு கண்களும் ஆகாசத்தைப் பார்த்தன, வாய் மட்டும் நீரில் இருந்தது. இருபது வருஷம் பிராணாயாமம் செய்தவன் என்று முதல் நாள் அவளிடம் சொல்லியிருந்தேன். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நேற்று பாதிக் குளம் கடந்தேன். பக்கத்துத் தடத்துப் பாட்டி அதற்குள் இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டார். கரையேறிச் சிராங்கூன் சாலையில் நான்கு பரோட்டா சாப்பிட்டேன்.