பார்த்த நாள்

1980களின் கடைசியில் நான் ஆய்வேடு எழுதியபோது ஒரு மேற்கோளுக்கு ஒரு பகல் செலவாகும். கன்னிமாராவில் ஒரு நாள், பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்தில் ஒரு நாள் என்று அலைவேன். ரோஜா முத்தையா நூலகம் அப்போது ஏது? அந்தச் செல்வமெல்லாம் கோட்டையூரில் ஒரு வீட்டுக்குள் இருந்தது, நூலகமானது 1994இல். இன்னொரு நூலகம் இருந்தது, பெயர் வேண்டாம். அங்கே அட்டைப் பெட்டியைத் துழாவி, எண்ணைச் சீட்டில் எழுதி உள்ளே கொடுத்தால், மதியச் சாப்பாடு முடிந்து “பைண்டிங் போயிருக்கு” என்று பதில் வரும். மூன்று வருடமாக அது பைண்டிங்கில்தான் இருந்தது.

இப்போது என்னிடம் ஆய்வு செய்யும் பெண் ஒரே இரவில் நாற்பது மேற்கோள்களோடு வந்தாள். நாற்பதுக்கும் அடிக்குறிப்பில் இணைய முகவரி. சில மூன்று வரி நீளம். நூலைத் தொட்டால் உதிரும் என்ற பயமில்லாத தலைமுறை.

முதல் பக்கத்திலேயே மெக்காலே நின்றார். 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் எழுந்து, இந்தியா முழுக்கச் சுற்றினேன், பிச்சைக்காரனையும் காணோம், திருடனையும் காணோம் என்று பேசினாராமே, அதே பேச்சு.

“அன்னிக்கு அவர் கல்கத்தாவுல இருந்தார்ம்மா” என்றேன். 1834 ஜூனில் சென்னையில் கப்பலை விட்டு இறங்கி, கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைப் பார்க்க ஊட்டிக்கு மலையேறிப் போய், பிறகு கல்கத்தா சேர்ந்தவர். அந்தப் பிப்ரவரி 2 அவருடைய புகழ்பெற்ற கல்விக் குறிப்பின் தேதி. கல்கத்தாவில் குறிப்பு எழுதிய அன்றே லண்டனில் பேச அவருக்கு எந்தக் கப்பல் கிடைத்தது? அந்தக் குறிப்பில் அவர் நிஜமாகவே நம் நூல்களை இழித்து எழுதியது போதாதென்று இல்லாததையும் சேர்ப்பானேன்.

“நூறு இடத்துல இருக்கே ஐயா!”

“நூறும் ஒரே வயித்துப் பிள்ளைங்க. தாய் யாருன்னு தேடு.”

பிறகு நெறியாளர் தோரணையில் நீளமாகவே பேசினேன். எழுதியவர் யார், முதலில் எங்கே வந்தது, எதை ஆதாரமாகக் காட்டுகிறார் என்று பார்க்கச் சொன்னேன். விக்கிப்பீடியாவில் மேலே உள்ளதைப் படித்துவிட்டுக் கீழே உள்ள அடிக்குறிப்பைப் பிடித்து மூல நூலுக்கு இறங்கிவிட வேண்டும். மேற்கோள் அந்த நூலுக்குத்தான். பக்கம் நாளைக்கே காணாமல் போகலாம் என்பதால் வேபேக் மெஷினில் ஒரு பிரதி சேமித்து, பார்த்த நாளையும் போட வேண்டும். இதில் எனக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. யூனிகோடுக்கு முன்னால் வந்த தமிழ்ப் பக்கங்கள் சில இன்னும் உயிரோடு இருக்கின்றன, ஆனால் எழுத்துரு இல்லாமல் திறந்தால் கரப்பான்பூச்சி மையில் விழுந்து நடந்த மாதிரி இருக்கும். பார்த்த நாளை ஒழுங்காகப் போடலாம், படித்த நாளைப் போட முடியாது.

மதுரைத் திட்டத்தைப் பற்றியும் ஒரு குட்டு வைத்தேன். 1998 முதல் தன்னார்வலர்கள் கண் வலிக்கத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து ஏற்றிய நூல்களை இலவசமாகப் படித்துவிட்டு, அடிக்குறிப்பில் கூசாமல் அச்சுப் பதிப்பின் பெயரைப் போடுகிறவர்கள் பலர். பக்க எண்ணுக்கு என்ன செய்வார்கள்? உத்தேசம்தான். செயற்கை நுண்ணறிவு வந்தபின் அந்த உத்தேசத்துக்கும் ஆள் வைத்தாயிற்று. ஆசிரியர், தலைப்பு, ஆண்டு என்று பிறக்காத நூலுக்கு ஜாதகமே எழுதித் தருகிறது. 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சிலர் சாட்ஜிபிடி சொன்ன இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். “எங்க காலத்துல புத்தகத்தைக் கையால தொடாம ஒரு வரி எழுத மாட்டோம்” என்று முடித்தேன். கொஞ்சம் தண்ணீரும் குடித்தேன்.

பெண் சொன்னதைச் செய்கிறவள். இரண்டு வாரம் கழித்து வந்தபோது நாற்பது பதினெட்டாகியிருந்தது. மெக்காலே கல்கத்தாவிலேயே இருந்தார்.

“ஐயா, ஒண்ணே ஒண்ணு மட்டும் புரியல. சி.வை. தாமோதரம் பிள்ளையோட 1887 கலித்தொகைப் பதிப்புரை. மூணு ஆய்வேடு ஒரே பக்க எண்ணைக் காட்டுது. ஸ்கேன் பிரதி கிடைச்சது, திறந்து பார்த்தேன். அந்தப் பக்கத்துல பதிப்புரையே இல்ல, பாட்டுதான் இருக்கு. தாய் யாருன்னு தேடினேன்.”

திரையை என் பக்கம் திருப்பினாள். ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா தளத்தில் ஏறியிருந்த ஒரு பழைய ஆய்வேடு. கோணலாக ஸ்கேன் செய்த தட்டச்சுப் பக்கம். ‘ற’ மட்டும் சற்றுத் தூக்கி நிற்கும். அந்தத் தட்டச்சுப் பொறியை எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் முடித்த அண்ணன் ஒருவரின் ஆய்வேட்டிலிருந்து அந்த அடிக்குறிப்பை அப்படியே எடுத்து எழுதியதும் நினைவிருக்கிறது. அவர் எண்ணைச் சரியாகத்தான் போட்டிருந்தார். தட்டச்சில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறிக்கொண்டன. அதற்குக் கீழே, கம்பீரமாக, ‘மேலது’, ‘மேலது’ என்று இன்னும் இரண்டு. புத்தகமோ, சொன்னேனே, பைண்டிங்கில் இருந்தது.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டாள்: “இந்தப் பதிப்பை நீங்க எந்த நூலகத்துல, எப்பப் பார்த்தீங்க ஐயா?”

“எங்க காலத்துல பார்த்த நாள் போடுற வழக்கம் இல்லம்மா” என்றேன்.