கை கறுத்தால்தான் பள்ளிக்கூடம்!

கேள்வி: "எங்க காலத்துப் பள்ளிக்கூடம் மாதிரி வருமா?" என்று தினமும் ஏங்குகிறார் என் தாத்தா. அப்படி என்னதான் இருந்தது அங்கே?
- வாசகி, கோவிலம்பாக்கம்

பதில்: கரும்பலகை இருந்தது, அதைக் கறுப்பாக்கும் வேலையும் பிள்ளைகளுக்கே இருந்தது! ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துப் பூசி, முழங்கை வரை கறுத்துப்போய் வீட்டுக்குப் போவார்கள். கையால் பூசிய பலகை மனதை விட்டுப் போகுமா? 1978-ல் பிளஸ் டூ வரும்வரை பதினோராம் வகுப்புதான் எஸ்.எஸ்.எல்.சி. அதில் தேறியவரை ஊரே திரும்பிப் பார்க்கும். காமராஜர் 1956-ல் தொடங்கிய மதிய உணவு, எத்தனையோ ஏழைப் பிள்ளைகளை அந்தப் பலகைக்கு முன்னால் உட்கார வைத்தது. 2022 முதல் அரசுப் பள்ளியில் காலை உணவும் உண்டு என்று தாத்தாவிடம் சொல்லுங்கள். ஒன்றாம் வகுப்பில் சேர நாளைக்கே கிளம்பிவிடுவார்!