பச்சைப் பட்டாணியின் அந்தர்த்தானம் குறித்து ஒரு விசாரணை

குன்னூரில் எங்கள் வீட்டுப் பின்புறத்துப் பாத்தியில், விதையை முதல் நாள் இரவே ஊறவைத்து இரண்டு விரற்கடை ஆழத்தில் ஊன்றுவது முதல், பற்றுக்கம்பிகள் பிடித்தேற மிலாறு நட்டுக் கொடுப்பது வரை யாவும் சாஸ்திரோக்தமாக நடந்தேறியும், காய் பறித்த தினத்தில் குருமாவுக்கு மாத்திரம் பட்டாணி போதாமற் போவதன் காரணம் யாது என்பதே இவ்வியாசத்தின் விஷயம்.

காயின் எடையில் ஏறக்குறையப் பாதி தோலாகவே போய்விடும் என்பது பிரசித்தம். ஆனால் சென்ற ஞாயிறன்று என் மனையாள் நிறுத்துக் கொடுத்த இரண்டு கிலோ காயை நான் உரித்து முடித்தபோது, முறத்தில் தேறியது அரைக் கிலோவுக்கும் குறைவு. குரங்குகளின் கைவரிசை என்பார் அண்டை வீட்டார். அந்தப் பூர்வபட்சம் நில்லாது. தோலை மட்டும் ஒழுங்காகக் கூடையில் போட்டுவிட்டுப் போகும் குரங்கை நான் கண்டதில்லை.

இவ்விஷயத்தில் நமக்கு முன்னோடி, புரூன் நகரத்து மடத்தில் எட்டு வருஷங்கள் பட்டாணி வளர்த்த துறவி கிரெகர் மெண்டல். ஒரு பரிசோதனையில் உருண்டை மணி 5,474, சுருங்கிய மணி 1,850 என்று அவர் எண்ணிக் கணக்கெழுத, அதிலுள்ள மூன்றுக்கு ஒன்று என்னும் விகிதத்தை உலகம் வியக்கிறது. நானோ, 7,324 மணிகளைக் கையாலெடுத்தும் சேதாரம் என்று ஒரு பத்தி அக்கணக்கில் இல்லாததையே வியந்திருந்தேன். பிற்பாடுதான் விளங்கிற்று: அவர் எண்ணியவை முற்றிக் காய்ந்த விதைகள், பல்லுக்குப் பயந்தாவது கணக்கு நேராக நின்றிருக்கும்.

பச்சைக் காயின் சங்கதி வேறு. கட்டைவிரலால் விளிம்பை அழுத்தினதும் அது ‘டப்’பென்று பிளந்து, ஒன்றுவிட்டு ஒன்றாக இரு பாதியிலும் ஒட்டியிருக்கும் எட்டு மணிகளைக் காட்டும்போது, நுனியிலுள்ள சின்னஞ்சிறு மணி எண்ணிக்கையில் சேராதது என்றே எவருக்கும் தோன்றும், அது வாய்க்குள் போன பின்னர், அதன் பக்கத்து மணியும் அப்படியே தோன்றும். தவிரவும், பறித்த காயில் சர்க்கரை மணிக்கு மணி மாவாக மாறிக்கொண்டிருப்பதால், உரிப்பவன் வாயே அதற்கு மிகச் சமீபத்திலுள்ள பாத்திரம் என்பது என் சித்தாந்தம்.

இதை முழுவதும் பொறுமையாகக் கேட்ட என் மனையாள், அடுத்த ஞாயிறன்று முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தானே உரித்தாள். அன்றைய குருமாவிலும் உருளைக்கிழங்குதான் அதிகம்.