வலது கை மாப்பிள்ளை

போடிநாயக்கனூரில் ஓர் ஆள் என்ன வேலை பார்க்கிறார் என்று வாயைத் திறந்து கேட்க வேண்டியதில்லை. கையைப் பார்த்தால் போதும். வலது கை இடது கையைவிட இரண்டு படி கறுத்திருந்தால் அவர் மலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். விடியும் முன்னே தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு, முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறைப் பக்கம் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப அள்ளிக்கொண்டு வருவார். அவருடைய வலது முழங்கை ஜீப்பின் ஓரத்துக்கு எழுதிக் கொடுத்தது. அரைக்கைச் சட்டை முடிகிற இடத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டமாதிரி ஒரு கோடு.

இதில் ஓர் அநியாயம் உண்டு. ஏலத்தோட்டத்துக்குள் வெயிலே கிடையாது. மர நிழல் இல்லாமல் ஏலச்செடி பிழைக்காது. உள்ளே போனவர்கள் நிழலில் நிற்க, கொண்டுபோய் விட்டவர்தான் கருகுகிறார். மேலே காற்று சில்லென்று அடிப்பதால் சுடுவதும் உறைக்காது. ஆனால் உயரம் ஆயிரம் மீட்டர் ஏறினால் வெயிலின் புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும். 28 வருஷம் லாரி ஓட்டிய ஓர் அமெரிக்கரின் படத்தை 2012-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் வெளியிட்டது. அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம் அல்லவா, இடது கன்னம் மட்டும் சுருங்கித் தொங்கியிருந்தது. வலது கன்னம் அவருடைய தம்பிக்கு உரியதுபோல் இருந்தது. நம்மவருக்குக் கையோடு போயிற்று.

அப்படி ஒரு ஜீப்புக்காரர் தன் கையைப் பற்றி வருஷக்கணக்கில் நினைத்ததே இல்லை. நிச்சயதார்த்த போட்டோ வந்ததும்தான் வினை. பெண்ணின் அண்ணன் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, “மாப்ள, ரெண்டு கையும் உங்களோடதுதானே?” என்று கேட்டுவிட்டார்.

இவரை முகப்பூச்சுக் கூட்டத்தோடு சேர்த்துவிடாதீர்கள். 1975-இல் ஃபேர் அண்ட் லவ்லி வந்த நாளிலிருந்து, 2020-இல் அது க்ளோ அண்ட் லவ்லி என்று பேரை மாற்றிக்கொண்ட பிறகும், ட்யூபைப் பிதுக்கிக்கொண்டிருப்பவர்கள் வேறு சாதி. அவர்களுக்குச் சிவப்பாக வேண்டும். இவருக்குச் சிவப்பும் வேண்டாம், வெளுப்பும் வேண்டாம். இரண்டும் ஒன்றாக இருந்தால் போதும். வளர்ந்த ஊர் அப்படி. அம்மா ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிறவர். பச்சைக் காயோடு வெளுத்தது நாலு கலந்தாலும் கண்ணில் குத்தும், ஏலத்தில் விலையும் குறையும். ஏலக்காயின் பச்சை போகக்கூடாது என்றுதான் அதை ஸ்டோர் என்கிற உலர்த்தும் கூடத்துக்குள் இளஞ்சூட்டில் உலர்த்துகிறார்கள். வெயிலில் போட்டால் காய் வெளுத்துவிடும். காயை வெளுக்கிற அதே வெயில் ஆளைக் கறுக்கிறதே என்று இவர் பலமுறை வருத்தப்பட்டிருக்கிறார்.

முதலில் சமையலறை வைத்தியம். கடலை மாவும் தயிரும், தக்காளி, உருளைக்கிழங்குச் சாறு, காபித்தூள். “வீட்ல இட்லிக்குச் சட்னி இல்ல, எல்லாம் இவன் கையிலதான் இருக்கு” என்று அம்மா புலம்பினார். பிறகு எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக்கொண்டு நேரே வண்டியை எடுத்தார் மனுஷன். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் புண்ணாகிக் கறுப்புத் தழும்பு விடும் என்று தோல் டாக்டர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். இரண்டு நிறமாக இருந்த கணக்கு மூன்றாயிற்று.

இந்தக் கட்டத்தில்தான் தாய்மாமன் வந்தார். எந்த வீட்டிலும் இந்தக் கட்டத்தில்தான் வருவார். “கறுத்ததை வெளுக்க முடியலன்னா, வெளுத்ததைக் கறுத்துட்டுப் போ மாப்ள!”

லண்டனில் இருக்கும் பெரியம்மா மகள் லீவுக்கு வரும்போது தோலைக் கறுக்கவைக்கும் பூச்சு ஒரு பாட்டில் கொண்டுவந்தார். அங்கே அப்படிப் பாட்டில் விற்கிறது. 1920-களில் வெயிலில் கறுத்த மேனி நாகரிகமாகிப்போனதிலிருந்து வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்து மாநிறம் வாங்குகிறார்கள். 1950-களில் சின்சினாட்டியில் ஈவா விட்கன்ஸ்டைன் என்பவர் நோயுற்ற குழந்தைகளுக்கு ஒரு சர்க்கரை வகையை மருந்தாகக் கொடுத்துப் பார்த்தபோது, சிந்திய இடமெல்லாம் தோல் பழுப்பாவதைக் கவனித்தார். டைஹைட்ராக்ஸி அசிட்டோன் என்று அதற்குப் பெயர். 1960-இல் அது கடைச் சரக்காகிவிட்டது. தோலின் மேலடுக்குப் புரதத்தோடு அது சேர்ந்து நிறம் மாறுகிறது. கல்லில் தோசை சிவப்பதும் இதே வகை வினைதான்.

“தம்பி, நல்லாக் கேட்டுக்க” என்று அக்கா பாடம் எடுத்தார். முதலில் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்துக் குளி. துடைத்துக் காயவிடு. முழங்கையிலும் மணிக்கட்டிலும் வாஸ்லின் தடவு; சொரசொரப்பான தோல் மருந்தை அதிகம் குடிக்கும். மெல்லிசாக ஒரே பூச்சு. உடனே உள்ளங்கையைக் கழுவு. நிறம் ஏற சில மணி நேரம் ஆகும், பொறு.

செடிக்கு மருந்தடிக்கும் போதே லேபிளைப் படிக்காத பரம்பரை. இடது கையில் பூசினார், ஒன்றும் தெரியவில்லை. அரைமணி கழித்து இன்னொன்று. படுக்கப்போகும்போது, ஊருக்குப் பயணம் சொல்லிவிட்டுப் போவதுபோல் மூன்றாவது. விடிந்து பார்த்தால் இடது கை வலதைத் தாண்டிப் போயிருந்தது. முழங்கை டிகாக்ஷன் நிறம், மணிக்கட்டில் வரி வரியாக ஆரஞ்சு, பூசிய வலது உள்ளங்கை பழுத்த பாக்கு. சரிக்கட்ட வலது கைக்கும் ஒரு பூச்சு போட்டார். அது இடதை மிஞ்சியது. அப்புறம் இடதுக்கு. மாமன்தான் பாட்டிலைப் பிடுங்கி வைத்தார், அதுவும் தீர்ந்த பிறகு.

முகூர்த்தத்துக்குப் பட்டுச் சட்டை, முழுக்கை. ரிசப்ஷனுக்குக் கோட்டு. கையை ஒருவரும் பார்க்கவில்லை. உள்ளங்கையைத்தான் பார்த்தார்கள். “மாப்பிள்ளையும் மருதாணி வச்சிருக்காரு, என்ன ஆசை பாருங்க!” என்று பெண் வீட்டார் பூரித்துப்போனார்கள். அவர் மறுக்கவில்லை. மேல்தோல் உதிர உதிர ஒரு வாரத்தில் அந்த நிறம் போய்விட்டது. முழங்கையில் மட்டும் திட்டுத் திட்டாக நின்று போயிற்று. அந்த நிறம் வெயிலைத் தடுப்பதும் இல்லை என்பதால் ஜீப்பில் ஏறிய கை பழையபடி கறுக்கத் தொடங்கியது.

வைகாசியில் கல்யாணம் வைத்திருக்கும் ஜீப்புக்காரத் தம்பிகள் தை மாதமே முழுக்கைச் சட்டைக்கு மாறிவிடுங்கள், கை தானாக நிறம் திரும்பும். பாட்டில்தான் என்று பிடிவாதமாக நிற்பவர்கள், உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் படுங்கள்.