தோசை கருகாமல் பாடம் நடத்துவது எப்படி?

மீசை அரும்பும் மகனைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைப்பது என்று முடிவெடுத்துவிட்டீர்கள். வாழ்த்துகள். தலைமை ஆசிரியர், வகுப்பு ஆசிரியர், பி.டி. மாஸ்டர், வாட்ச்மேன் ஆகிய நான்கு பணியிடங்களுக்கும் நீங்களே நியமிக்கப்பட்டிருக்கிறீர்கள். சம்பளம் கிடையாது. பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் மேசையின் இரண்டு பக்கமும் நீங்களே உட்கார வேண்டும். புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்காகச் சில குறிப்புகள்:

1. முதலில் காகித வேலை

2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. 1989இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். அரசு கையை விடும் வயதும் இன்னொரு கையால் பிடிக்கும் வயதும் ஒன்றுதான். பையன் நம் பேச்சைக் கேட்பதை நிறுத்துவதும் அதே வயதில்தான். இது மூன்று தரப்பும் கலந்து பேசாமலே எடுத்த முடிவு.

தேர்ச்சிக்கு ஐந்து பாடங்கள் வேண்டும். அவற்றில் ஒன்றாவது மொழிப்பாடமாக இருக்க வேண்டும். ஓவியமும் மனையியலும்கூடப் பட்டியலில் உண்டு. ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு. ஒருமுறை சேர்ந்தால் ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகள். இந்தக் கடைசித் தகவலை மட்டும் மகன் கண்ணில் படாமல் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

2. உறவினர்களுக்குப் பதில்

“தம்பி எந்த ஸ்கூல்?” என்ற கேள்வி கல்யாண வீட்டுப் பந்தியில், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் வரும். 1977இல் பள்ளி இல்லாமல் வளரும் பிள்ளைகளுக்காகவே ஒரு பத்திரிகை தொடங்கிய அமெரிக்கர் ஜான் ஹோல்ட்டைப் பற்றி அங்கே பேச ஆரம்பிக்காதீர்கள். “அவர் நம்ம பக்கமா?” என்று பெரியப்பா கேட்பார். ராமானுஜனையும் இழுக்க வேண்டாம். அவர் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் ஒழுங்காகப் படித்து, பரிசும் வாங்கியவர். கோட்டைவிட்டது காலேஜில். விவரம் தெரிந்த மாமா ஒருவர் எல்லாப் பந்தியிலும் இருப்பார். “ஓப்பன் ஸ்கூல், சென்ட்ரல் கவர்மென்ட்” என்று சொல்லி அப்பளத்தை நொறுக்குங்கள். சென்ட்ரல் கவர்மென்ட் என்ற சொல்லுக்குப் பிறகு நம் உறவினர்கள் பொதுவாக மேற்கொண்டு கேட்பதில்லை.

3. கால அட்டவணை

நான்கு நிற ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஒன்பது மணி கணக்கு, பத்து மணி அறிவியல் என்று இருக்கட்டும். நாற்பது பேருக்கு அட்டெண்டன்ஸ் எடுத்து, சத்தத்தை அடக்கி, கரும்பலகையைத் துடைத்து நடத்தும் பாடம் ஒரே பையனுக்கு என்றால் சீக்கிரம் முடிந்துவிடும். பதினொன்றரைக்கே அன்றைய பாடம் தீர்ந்து, அவன் சோபாவில் நீட்டிப் படுத்திருப்பான். வீட்டுப் பள்ளிக்கு வரும் முதல் நோய் இந்த மிச்ச நேரத்தைப் பார்த்துப் பயப்படுவதுதான். பயந்த பெற்றோர் கண்ணில் பட்டதையெல்லாம் பாடமாக்கத் தொடங்குவார்கள். அதை முறையாகச் செய்வதற்கான வழிகள் கீழே.

4. சமையலறையில் இயற்பியல்

மகன் தானாக வந்து தோசை ஊற்றுகிறான். தெளித்த தண்ணீர் சும்மா கொதித்து மறையாமல், குட்டி முத்துகளாகக் கல்லின் மேல் உருண்டு ஓடுகிறது. “இது ஏன் இப்படி ஓடுது?” என்கிறான். பதின்பருவப் பையன் ‘ஏன்’ என்று கேட்பது அபூர்வம். எனவே உடனே தாக்க வேண்டும்.

கரண்டியை வாங்கிக் கீழே வையுங்கள். 1756இல் லைடன்ஃபிராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதைப் பற்றி எழுதியதிலிருந்து தொடங்குங்கள். கல் அளவுக்கு மீறிச் சூடானால் துளியின் அடிப்பக்கம் ஆவியாகி மெத்தை போல் நிற்கும், அந்த ஆவி சூட்டைத் துளிக்கு எளிதில் கடத்தாது, அதனால்தான் துளி மிதந்து ஓடுகிறது என்று விளக்கி, நோட்டை எடுத்துப் படம் வரையச் சொல்லுங்கள். அதற்குள் தோசை கருகியிருக்கும், பையன் மாடிக்குப் போயிருப்பான். இனி அவன் சமையலறைக்குள் எதையும் கேட்க மாட்டான். பாடம் முழுமையாக நடத்தப்பட்டது.

“கல்லு ரொம்பக் காஞ்சிருச்சு, அடுப்பைக் குறைச்சிட்டு ஊத்து” என்று மட்டும் சொன்னால் அவனே இன்னும் நாலு துளி தெளித்துப் பார்ப்பான். ராத்திரி போனில் தேடி அந்த ஜெர்மன்காரரையும் கண்டுபிடிப்பான். ஆனால் அதில் உங்கள் பங்கு எதுவும் தெரியாது.

5. மின்சாரக் கணக்கு

வீட்டு மீட்டரைக் குறித்துவரும் வேலையை மகனிடம் ஒப்படையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம் என்பது அவனுக்கே தெரியும். 500ஐத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, 101லிருந்து 200 வரைக்குமான சலுகை விலையும் போய்விடுகிறது என்பதை அவன் பழைய பில்களை வைத்துக் கண்டுபிடிப்பான். 501ஆவது யூனிட் ஒன்றின் விலை எவ்வளவு என்று கணக்குப் போட்டு உங்கள் முன்னால் நீட்டுவான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தப் பாடம் அவனுக்குப் புரிந்துவிட்டால் பாதிப்பு உங்களுக்குத்தான். “ரீடிங் எடுக்க இன்னும் ஆறு நாள் இருக்கு, 470 ஓடியிருக்கு. உங்க ரூம் ஏசி ராத்திரி பன்னெண்டுக்கு மேல கிடையாதுப்பா” என்பான். அவனுடைய கம்ப்யூட்டர் அந்தக் கணக்கில் வராது.

6. நகைக்கடையில் சதவீதம்

பாட்டியின் பழைய சங்கிலியை மாற்றப் போகும்போது பை தூக்குவதற்காக அவனைக் கூட்டிப்போங்கள். ஒரு பவுன் 8 கிராம், 916 என்றால் 22 கேரட், சேதாரம் இத்தனை சதவீதம், அதையும் சேர்த்த தொகைக்கு 3 சதவீதம் ஜி.எஸ்.டி. கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டும் வேகத்தில் அம்மாவுக்குத் தலை சுற்றும். பையன் போனை எடுத்து, “அண்ணே, பழைய நகைக்கு ஏன் நேத்து ரேட் போட்டிருக்கீங்க?” என்பான். கடையில் ஒரு நிமிடம் அமைதி. டீ வரும்.

வீட்டுக்கு வந்ததும் சதவீதக் கணக்கு பத்து கொடுத்துப் போடச் சொல்லுங்கள். ஏழு தப்பாக இருக்கும். கடையில் பணம் உண்மையானது, அம்மாவின் திணறலும் உண்மையானது. நோட்டில் வரும் ராமு விற்ற சைக்கிளில் லாபமோ நஷ்டமோ அவனுக்கென்ன? ஆனாலும் மதிப்பெண் பட்டியலில் 3/10 என்றே பதிவு செய்யுங்கள். நகைக்கடை பாடத்திட்டத்தில் இல்லை.

7. சிலிண்டர்

சிலிண்டர் வரும் நேரம் பார்த்து நீங்கள் குளிக்கப் போய்விடுங்கள். காலி எடை எவ்வளவு என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், உள்ளே 14.2 கிலோ இருக்க வேண்டும், வளையத்தில் உள்ள ஆங்கில எழுத்தும் எண்ணும் அடுத்த சோதனைக்கான காலாண்டையும் ஆண்டையும் காட்டும். இதையெல்லாம் கொண்டுவரும் அண்ணனே அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார். ‘இன்றைய தலைப்பு’ என்று அவர் ஆரம்பிக்க மாட்டார்.

8. தேர்வு நெருங்கும்போது

இருபடிச் சமன்பாடு எந்த அடுப்பிலும் வேகாது, எந்தக் கடையிலும் கிடைக்காது. அதற்கு நாற்காலியில் உட்காரத்தான் வேண்டும். பழைய வினாத்தாள்களை வாங்கி, கடிகாரத்தை வைத்து, மூன்று மணி நேரம் எழுதவிடுங்கள். இதை வாழ்க்கைக் கல்வி என்று சொல்லி இனிப்புத் தடவாதீர்கள். பரீட்சைக்குப் படிப்பது என்றே சொல்லுங்கள். அந்த நேர்மையை அவன் மதிப்பான்.

அப்படியும் ஓடவில்லை என்றால் எதிர்வீட்டில் இன்ஜினியரிங் படிக்கும் அண்ணனை டியூஷனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதமாக நீங்கள் சொல்லியும் ஏறாததை, கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் அந்த அண்ணன் சொன்னதும், “அட, இவ்ளோதானா!” என்பான். மனம் உடைய வேண்டாம். ஃபீஸைக் கையில் கொடுங்கள். இருவருக்கும் காபி கொண்டுபோய் வையுங்கள். வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருக்காதீர்கள்.